கரண்ட் குக்கரில் ஃபிரைட் ரைஸ் ஏன் குழைகிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்கள் நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பருப்பு, சாம்பார், கொண்டைக்கடலை எல்லாம் அருமையாக வெந்துவிடுகிறது. ஃபிரைட் ரைஸ் மட்டும் மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் குழைந்துவிட்டது. ஒரு தடவை அடிப்பிடித்து, கருகுகிறது என்று திரையில் எழுத்து வேறு காட்டியது. பிள்ளைகள் தள்ளுவண்டிக் கடையில் சாப்பிடுகிற மாதிரி வேண்டும் என்கிறார்கள். கோளாறு குக்கரிலா, என்னிடமா?"

குக்கரிலும் இல்லை, உங்களிடமும் இல்லை. இந்தக் குக்கர் சோறு வைப்பதில் கெட்டிக்காரன், வறுப்பதில் சோம்பேறி. நீங்கள் அதனிடம் இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் வாங்கப் பார்க்கிறீர்கள். முதலில் சோற்றை மட்டும் வேகவையுங்கள். வெளியே எடுத்து நன்றாக ஆறவிடுங்கள். அதன்பிறகு வறுங்கள். இந்த ஆறவிடுகிற இடைவெளியை விட்டதால்தான் மூன்று தடவையும் குழைந்திருக்கிறது. அடிப்பிடித்ததற்குக் காரணம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

காரைக்குடியில் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை வைத்திருப்பவன் நான். "சோறு சரியாக வேகவில்லை, குழைகிறது, கருகுகிறது" என்று கடைக்கு வருகிற கரண்ட் குக்கர்களில் பாதிக்கு மேல் ஒரு பழுதும் இருக்காது. கழற்றிப் பார்த்துவிட்டு, அரைக் கிலோ அரிசி வாங்கி அங்கேயே சோறு வைத்துக் காட்டி அனுப்புவேன். வைத்த சோற்றை வீணாக்க முடியாது, சாயங்காலம் வீட்டுக்குப் போய் வறுத்துவிடுவோம். ஃபிரைட் ரைஸ் எனக்குக் கைவந்தது இப்படித்தான்.

முதலில் தண்ணீர். நாம் விசில் குக்கரில் பழகிய கை. அதில் ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. அதனால் ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு இரண்டு என்று ஊற்றி ஊற்றி அதுவே கணக்காகிவிட்டது. கரண்ட் குக்கர் விசில் அடிக்காது. (என் கடைக்கு வந்த ஒரு ஆச்சி, "விசிலே வரமாட்டேங்குது, ரிப்பேர் பண்ணிக் கொடுப்பா" என்று புத்தம்புதுக் குக்கரைக் கொண்டுவந்து வைத்தார்.) பிரஷர் ஏறியதும் ஒரு சின்னக் குமிழ் மேலே எழும்பிப் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு உள்ளிருந்து ஆவி ஏறக்குறைய வெளியே வராது. ஊற்றிய தண்ணீர் முழுக்க அரிசிக்குள்தான் போக வேண்டும். ஒன்றுக்கு இரண்டு ஊற்றினால் கஞ்சி கிடைக்காமல் வேறென்ன கிடைக்கும்?

அரிசி குழையாமல் வேக, அதன் அளவுக்குச் சரிசமமான தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் ஆவியாகப் போவதற்கு. கரண்ட் குக்கரில் பிரஷர் ஏறும் முன் போகிற ஆவியையும் சேர்த்தால் கால் கப்புக்குள்தான் வரும். கவனிக்க வேண்டியது, அரிசி ஒரு கப் ஆனாலும் நான்கு கப் ஆனாலும் அந்தக் கால் கப் பெரிதாக மாறுவதில்லை. ஒரு கப்புக்கு ஒன்றேகால் ஊற்றினால் நன்றாக வந்தது, அப்படியானால் நான்கு கப்புக்கு ஐந்து என்று பெருக்கினால் அங்கேதான் தப்பு. நாலேகால்தான் சரி. விருந்தாளி வந்த அன்று மட்டும் சோறு குழைகிறதே என்று பலர் நொந்துகொள்வதற்கு இதுதான் காரணம்.

ஃபிரைட் ரைஸுக்கு அந்தக் கால் கப்பையும் ஊற்ற வேண்டாம். கழுவின அரிசியில் ஒட்டியிருக்கிற தண்ணீரே அதற்குக் கணக்காகிவிடும். இரண்டு கப் பாஸ்மதியை மூன்று தண்ணீரில் கழுவி, வடிதட்டில் ஐந்து நிமிடம் வடியவிட்டு, இரண்டு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய். அவ்வளவுதான். மற்ற சமையலுக்கு நான் பாஸ்மதியை ஊறவைப்பேன். இதற்கு ஊறவைப்பதில்லை. ஊறிய அரிசிக்குத் தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும், குறைத்தால் குக்கருக்கு ஆவி பிடிக்கப் போதாது. வீணான தலைவலி.

கப் என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குக்கர் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கும், பெரும்பாலும் 180 மி.லி. பிடிக்கும். சமையல் குறிப்புகளில் வருகிற கப் 240 மி.லி. அரிசியை இதில் அளந்து தண்ணீரை அதில் அளந்தால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு தவறிவிடும். எதில் அரிசி அளந்தீர்களோ அதிலேயே தண்ணீரையும் அளங்கள். வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால் அதுவே போதும், ஏறக்குறைய அதே அளவுதான். 180 மி.லி. கப்பில் பாஸ்மதி சுமார் 150 கிராம் பிடிக்கும். இரண்டு கப் போட்டால் நான்கு பேர் சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு நல்ல பசி என்றால் மூன்று பேர்.

அரிசி எது என்றால், பாஸ்மதிக்கு முதலிடம். உதிரியாக வேகிற அரிசியில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து அதிகம். ஒட்டுகிற அரிசியில் அமைலோபெக்டின் அதிகம். பாஸ்மதி முதல் வகைப் பக்கம் சாய்ந்தது. பொன்னிப் பச்சரிசியில் செய்யலாம், கொஞ்சம் மெத்தென்று இருக்கும். பொன்னிப் புழுங்கல் வியக்கிற அளவுக்கு நன்றாக வரும். நெல்லிலேயே ஒரு தடவை வெந்து காய்ந்த அரிசி அது, லேசில் பசையாகாது. அதற்குத் தண்ணீர் ஒன்றுக்கு ஒன்றரையும் 10 நிமிடமும் தேவை. சீரகச் சம்பாவில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம்தான், ஆனால் மனம் வரவில்லை. அதன் வாசனையை சோயா சாஸில் முக்கிக் கொல்வதற்கு அந்த விலை கொடுப்பானேன்? பிரியாணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவுனி அரிசி பக்கம் போகவே வேண்டாம், அது பசைக்கென்றே பிறந்தது. பர்மாவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது என்று சொல்கிற அந்தக் கறுப்பரிசியை ராத்திரி ஊறவைத்து, இதே குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டு இறக்கினால் அதற்கு ஈடு கிடையாது. அது வேறு கதை.

சரி, பாஸ்மதிக்கு வருவோம். 'ரைஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, நாமே நேரம் வைக்கிற பொத்தானில் ஹை பிரஷர் 4 நிமிடம் வையுங்கள். அடுப்பில் வைக்கிற குக்கர் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 121 டிகிரிக்குப் போகும். கரண்ட் குக்கர்களில் பல 10 முதல் 12 பிஎஸ்ஐ வரைதான், சூடு 115 முதல் 118 டிகிரி. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் பிரஷர் ஏறவே ஏழெட்டு நிமிடம் ஆகும், அந்த நேரத்திலும் அரிசி வெந்துகொண்டுதான் இருக்கிறது. நேரம் முடிந்ததும் உடனே வால்வைத் திறக்காதீர்கள். 10 நிமிடம் அப்படியே விட்டு, மிச்ச ஆவியை மட்டும் வெளியே விடுங்கள். பிரஷரை ஒரேயடியாக இறக்கினால் 115 டிகிரியில் இருக்கிற தண்ணீர் உள்ளே திடீரென்று கொதித்துப் பொங்கும். நீளமான பாஸ்மதி முறியும், வால்விலிருந்து கஞ்சி தெறிக்கும். அந்தக் கஞ்சி குமிழில் ஒட்டிக் காய்ந்துதான் "பிரஷர் ஏறவில்லை" என்று குக்கர் என்னிடம் வருகிறது. ஊசியால் சுரண்டிவிட்டு என்ன கூலி வாங்குவது என்று எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு கப்புக்கும் குறைவாக, ஒருவர் இருவருக்கு மட்டும் செய்வதென்றால், 6 லிட்டர் குக்கரின் அடியில் அவ்வளவு கொஞ்சம் தண்ணீர் பிரஷர் ஏறுவதற்குள் வற்றிவிடும். அதற்கு நம் அம்மாக்கள் செய்த வழியே நல்லது. குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, முக்காலித் தட்டு வைத்து, அதன்மேல் சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் அரிசியும் அதே அளவு தண்ணீரும் வையுங்கள். நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அடிப்பிடிக்கிற பேச்சே இல்லை.

இப்போது ஆறவிடுவது. இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மூடியைத் திறந்ததும் சோற்றைக் குக்கரிலேயே விட்டால் அதன் சூடும் ஆவியும் சேர்ந்து இன்னும் வேகவைத்துக்கொண்டே இருக்கும். முள்கரண்டியால் மெதுவாகக் கிளறி, அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். சோற்றில் இருக்கிற சூடே மேல்பக்கத் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டு போகும், காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். 20 நிமிடத்தில் பருக்கைகள் தொட்டால் கையில் ஒட்டாது. செட்டிநாட்டு வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம், இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்தால் விசிறிகூட வேண்டாம். காக்கைக்கு மட்டும் ஆள் போடுங்கள். ஆறுவதோடு இன்னொன்றும் நடக்கிறது. வெந்தபோது பிரிந்து குழைந்த மாவுச்சத்து, குளிர்ந்ததும் மறுபடி நெருங்கி இறுகுகிறது. ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்த சோறு விறைத்துப்போவது இதனால்தான். வெறும் வாயில் தின்ன அது நன்றாக இருக்காது, வறுக்க அதுதான் தங்கம். தள்ளுவண்டிக்காரர் ராத்திரி வியாபாரத்துக்கு மத்தியானமே முக்கால் பதத்தில் வடித்துப் பரப்பி வைக்கிறாரே, அந்த ருசியில் பாதி அங்கே இருக்கிறது.

ஆனால் ஆறவைக்கிறேன் என்று சமையல்மேடையில் மறந்து விட்டுவிடாதீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி எவ்வளவு வறுத்தாலும் அழியாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். இங்கிலீஷில் இந்த நோய்க்கு ஃபிரைட் ரைஸ் சிண்ட்ரோம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலில், பரப்பி ஆறினதும் ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், மறுநாளே தீர்த்துவிட வேண்டும். "நாங்கள் பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்" என்று சொல்வீர்கள், நானும்தான். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்ட சோறு வேறு. மூடி போட்டுக் குக்கரிலேயே ராத்திரி முழுக்க விட்ட வெறும் சோறு வேறு. குக்கரைச் சூடாக வைத்திருக்கும் நிலையில் ஓடவிட்டால் 60 டிகிரிக்கு மேல் இருக்கும், சாப்பிட ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சோறு வறுக்க உதவாது, ஈரம் பிடித்துக் கிடக்கும்.

அப்புறம் வறுவல். இங்கே குக்கரின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு வேலை வாங்க வேண்டும். 6 லிட்டர் குக்கரின் அடியில் பொதுவாக 1000 வாட் சூடேற்றி இருக்கும். கொதிக்கிற தண்ணீர் ஒரு கிராமை ஆவியாக்க 2260 ஜூல் தேவை. கணக்குப் போட்டால், சிந்தாமல் சிதறாமல் முழுச் சூடும் போய்ச் சேர்ந்தால்கூட நிமிடத்துக்கு 26 கிராம் தண்ணீருக்கு மேல் விரட்ட முடியாது. முட்டைக்கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கால் கிலோ கோஸையும் கேரட்டையும் குடைமிளகாயையும் ஒரே நேரத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விடுகிற தண்ணீரை விரட்ட முடியாமல் குக்கர் திணறும், காய் வதங்காமல் அதன் தண்ணீரிலேயே வேகும். ஈரம் இருக்கும்வரை பாத்திரத்தில் இருப்பது 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். தள்ளுவண்டி அடுப்பு பல மடங்கு சூட்டில் எரிவதால் அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி டங் டங் என்று தட்டுகிறார். நாம் அப்படிச் செய்ய முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

சோறு வைத்த உள்பாத்திரத்தைக் கழுவி, துணியால் சொட்டு ஈரம் இல்லாமல் துடையுங்கள். வெளிப்பக்கமும்தான், அடியில் ஈரத்தோடு உள்ளே வைத்தால் சூடேற்றித் தட்டு கெடும். சாட்டே என்கிற வதக்குகிற பொத்தானை அழுத்தி, அதிலும் மிக அதிகச் சூட்டில் வைத்து, "ஹாட்" என்று காட்டும்வரை பொறுங்கள். எவர்சில்வர் பாத்திரம் என்றால் அதற்கு மேலும் ஒரு நிமிடம் விடலாம். நான்ஸ்டிக் என்றால் வெறுமனே காயவிடாதீர்கள், முதலிலேயே எண்ணெய் ஊற்றிவிடுங்கள், இரும்புக் கரண்டியைத் தூர வையுங்கள். எண்ணெய் கடலை எண்ணெயாக இருக்கட்டும், இரண்டு கப் அரிசிக்கு மொத்தம் மூன்று டேபிள்ஸ்பூன். பல குக்கர்களின் உள்பாத்திரம் நடுவில் லேசாக மேடாக இருக்கும், எண்ணெய் ஓரத்துக்கு ஓடும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்கிறார்கள். ஓரத்து எண்ணெயில் வதக்கி நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள்.

முட்டை முதலில். இரண்டு முட்டையை உப்பு போட்டு அடித்து ஊற்றி, பாதி இறுகினதும் கிளறி எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு காய், இரண்டு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். பீன்ஸையும் கேரட்டையும் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி இரண்டு நிமிடம், அதையும் எடுத்து வையுங்கள். கோஸ் கடைசியில், வெறும் அரை நிமிடம். இப்போது மிச்ச எண்ணெயில் பாதியை ஊற்றி, பொடியாக நறுக்கிய பூண்டு ஐந்தாறு பல், அது நிறம் மாறுவதற்குள் பாதிச் சோறு. பரப்பிவிட்டு ஒரு நிமிடம் தொடாதீர்கள். கைதான் பரபரக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பருக்கைக்கும் அடிச்சூடு கிடைக்காது. பிறகு அடியோடு புரட்டி இன்னொரு நிமிடம். இது வெளியே, அடுத்த பாதி உள்ளே. எல்லாம் முடிந்ததும் மொத்தத்தையும் சேர்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல் பாத்திரத்தின் ஓரச் சுவரில் படும்படி சுற்றி ஊற்றுங்கள். சுரீரென்று வற்றி, வாசனை மட்டும் சோற்றில் ஏறும். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, ஆகவே உப்பை ருசி பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன், வினிகர் அரை டீஸ்பூன், ஒரு பிடி வெங்காயத்தாள். மூடாதீர்கள். மூடினால் பட்ட பாடெல்லாம் ஆவியில் போய்விடும்.

உண்மையைச் சொன்னால், பக்கத்தில் கேஸ் அடுப்பும் ஒரு இரும்புச் சட்டியும் இருந்தால் வறுக்கிற பாதியை அதற்கு மாற்றிவிடுங்கள். நானே அப்படித்தான் செய்கிறேன். விடுதி அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும், அடுப்படி கட்டி முடியாத புதுவீட்டுக்காரர்களுக்கும்தான் இரண்டையும் குக்கரிலேயே செய்கிற கட்டாயம். இன்னொன்று, வறுக்கிற வேகம் வேண்டும் என்று எண்ணெய் நிறைய ஊற்றி மூடி போட்டுப் பிரஷரில் எதையும் பொரித்துவிடாதீர்கள். கோழியைப் பொரிக்கலாமா என்று கடையில் கேட்கிறார்கள். இந்த மூடியும் ரப்பரும் ஆவிக்குச் செய்தவை, கொதிக்கிற எண்ணெய்க்கு அல்ல. உயிர்க்கே ஆபத்து.

கருகுகிறது என்று எழுத்துக் காட்டிய விஷயம். உள்பாத்திரத்துக்கு அடியில், சூடேற்றித் தட்டின் நடுவே பொத்தான் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு இருக்கும். அதுதான் சூடு பார்க்கிற சென்சார். அடித்தட்டு அளவுக்கு மீறிக் கொதித்தால் அது சூடேற்றுவதை நிறுத்திவிட்டு எச்சரிக்கிறது. நீங்கள் பூண்டு, வெங்காயம், முட்டை எல்லாம் வதக்கிவிட்டு, அதே பாத்திரத்தில் அரிசியும் சோயா சாஸும் தண்ணீரும் ஊற்றி மூடியிருப்பீர்கள். அடியில் ஒட்டிய முட்டையும், சோயா சாஸின் சர்க்கரையும் தண்ணீரை அடித்தட்டுக்குப் போகவிடாமல் படலமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வதக்கினதும் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த எழுத்து வந்திருக்காது. எல்லாம் சரியாகச் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், சென்சாரில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்டைப் பிடுங்கிவிட்டு.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு மூடுகிற முறையை நீங்கள் விடமாட்டீர்கள் என்றும் தெரியும், காலையில் டிபன் பாக்ஸ் அவசரம் அப்படி. செய்யுங்கள், ஆனால் அதற்கு ஃபிரைட் ரைஸ் என்று பெயர் வைக்காதீர்கள், குஸ்காவின் தம்பி அது. பூண்டை வதக்கி, அடியைச் சுரண்டி, அரிசியும் தண்ணீரும் போட்டுக் கிளறாமல் மூடுங்கள். திறந்த பிறகு சோயா சாஸ், மெல்லிதாக நறுக்கிய காய், தனியாகப் பொரித்த முட்டை போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்தால் காய் அந்தச் சூட்டிலேயே பதமாகிவிடும். காயைப் பிரஷரில் வேகவைத்தால் பீன்ஸ் காக்கி நிறத்தில் வரும், பிள்ளைகள் பொறுக்கி வைத்துவிடுவார்கள்.

ஓட்டல் பட்டியல்களில் "செட்டிநாடு ஃபிரைட் ரைஸ்" என்று சிவப்பாக ஒன்று வருகிறதே, அதை வீட்டில் செய்வது எப்படி என்றும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டுவிட்டால் செட்டிநாடு ஆகிவிடும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் குழம்பில் நின்று ஊற வேண்டிய சாமான்கள். இரண்டு நிமிட வறுவலில் அவை பச்சை வாசனைதான் அடிக்கும். இந்த ஊர் ருசி வேண்டும் என்றால் என் வழி வேறு. ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறி செய்தால் சட்டியின் அடியில் சின்ன வெங்காயமும் பட்டமிளகாயும் பூண்டும் எண்ணெயோடு சுருண்டு மிஞ்சும். அதை ஒட்டிய கறித்துண்டு நாலைந்தோடு உதிர்த்துப் போட்டு, திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் சோற்றை அதில் வறுங்கள். சோயா சாஸ் வேண்டாம். கடைசியில் அம்மியில் தட்டிய மிளகு, கறிவேப்பிலை. சைவக்காரர்கள் சின்ன வெங்காயமும் பூண்டும் சோம்பும் மிளகும் வைத்தே செய்யலாம்.

வறுத்த சோறு இந்தச் சீமைக்குத் தள்ளுவண்டியோடுதான் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் ஐயா சின்ன வயதில் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். அங்கே காலைப் பலகாரமே முதல்நாள் சோற்றை வெங்காயமும் வேகவைத்த பட்டாணியும் போட்டு வறுத்ததுதான், தமின் ஜோ என்பார்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கிளம்பி வந்தவர், பணம் காசு ஒன்றும் கொண்டுவரவில்லை, இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். கடைசிவரை சோயா சாஸ் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. மஞ்சளும் உப்பும் பட்டாணியும்தான். மலாயா போய்வந்த வீடுகளில் இதையே நாசி கோரெங் என்பார்கள். கோரெங் என்றால் மலாயில் வறுத்தது.

கடைசியாகக் கரண்ட் பற்றி, என் தொழில் பேச்சு. உங்கள் குக்கர் சிங்கப்பூரிலிருந்து வந்தது, அங்கும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட், ஆகவே பயமில்லை. பிளக் மட்டும் மூன்று பட்டைக் கால் உள்ளது, சரியான ஆம்பியர் தாங்குகிற நல்ல அடாப்டர் போடுங்கள், பத்து ரூபாய்ச் சாமான் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்தார் என்றால் கதையே வேறு, அது 120 வோல்ட். நம் சாக்கெட்டில் நேரே செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் கரண்ட் சக்தி பாய்ந்து உடனே உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகை போய்விடும். அப்படி வந்த மூன்று குக்கர்கள் என் கடை பரணில் கிடக்கின்றன. நம் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்குகிற தெருக்களும் உண்டு. அப்போது 1000 வாட் சூடேற்றி 610 வாட்தான் தரும். அந்த நேரத்தில் சாட்டேயில் வறுக்க உட்கார்ந்தால் எந்த அரிசியும் குழையும். மத்தியானமே வறுத்துவிடுங்கள், அல்லது ஒரு தடவைக்குச் சோற்றைப் பாதியாகக் குறையுங்கள்.

மூடிக்குள் இருக்கிற சிலிக்கான் ரப்பர் வளையம் பூண்டு வாசனையை இழுத்துவைத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. இன்னொன்று வாங்கி, ஒன்றைக் காரத்துக்கும் ஒன்றை இனிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பொங்கலுக்கு சர்க்கரைப் பொங்கல் முழுக்க ஃபிரைட் ரைஸ் வாசனை அடித்தது. அப்பத்தா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குள்ள எவன்டா பூண்டு போட்டது?" என்று கேட்டார். நான் ரிப்பேர்க் கடைக்காரன் என்பதை அன்று யாரும் மதிக்கவில்லை.